நீரின் உயரத்தை மறவாத ஊர்

வரலாறு என்ற சொல்லைக் கேட்டவுடன் மாணவர் உள்ளத்தில் எழுவன பேரரசர்களும் பெரும்போர்களுமே. ஒரு சிற்றூரின் ஊராட்சி மன்றம் கூடி, ஒரு சுவர் எத்தனை மீட்டர் உயரம் இருத்தல் வேண்டும் என்று வழக்காடியதை எவரும் வரலாறு என்று எண்ணுவதில்லை. ஆயினும், அவ்வழக்கின் முடிவால் ஓர் ஊரே உயிர் பிழைத்ததெனின், அதனை வரலாறு என்று கூறாமல் வேறு எவ்வாறு கூறுவது? அத்தகைய ஊர் ஒன்றைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன்.

ஜப்பான் நாட்டின் பெருந்தீவாகிய ஹொன்ஷுவின் வடகிழக்குக் கரைக்குச் சன்ரிக்கு என்று பெயர். அங்கே மலைகள் கடலின் விளிம்புவரை இறங்கி நிற்கின்றன. மலைகளுக்கு இடைப்பட்ட பள்ளத்தாக்குகளில் கடல் புகுந்து குடாக்களாகியுள்ளது. அவற்றுட் பல, வாய் அகன்றும் உள்ளே செல்லச் செல்லக் குறுகியும் அமைந்தவை. அமைதி நாட்களில் இவை படகுகளுக்கு நல்ல புகலிடங்கள். ஆனால், கடலடி நிலம் அதிர்ந்து பேரலை எழும் நாளில், அகன்ற வாய்வழியே புகும் நீர், ஒடுங்கிய இடத்தில் நெருக்குண்டு மலைபோல் உயர்ந்துவிடுகின்றது. ‘சுனாமி’ என்னும் ஜப்பானியச் சொல்லுக்குத் ‘துறைமுக அலை’ என்பதே பொருள். 2004 ஆம் ஆண்டு திசம்பர் 26 ஆம் நாளன்று நம் கடற்கரையும் அச்சொல்லைக் கண்ணீரோடு கற்றுக்கொண்டது.

சன்ரிக்குக் கரை அதனைப் பலமுறை கற்றது. 1896 ஆம் ஆண்டு சூன் 15 ஆம் நாள் மாலை, ஊரெங்கும் விழாக் கொண்டாடிக்கொண்டிருந்தபோது நிலம் மெல்ல அசைந்தது. அசைவு சிறிதாகையால் எவரும் அஞ்சவில்லை. சற்று நேரத்தில் வந்த அலை ஏறத்தாழ 22,000 பேரைக் கொண்டுசென்றது. எஞ்சியோர் என் செய்தனர்? மீன்பிடி தொழிலோர்க்குக் கடலருகே வாழ்வதே வசதி. ஆதலின், பலர் சில ஆண்டுகளில் மீண்டும் பழைய தாழ்நிலத்திலேயே வீடு கட்டினர். 37 ஆண்டுகள் கழிந்தன. 1933 ஆம் ஆண்டு மார்ச்சு 3 ஆம் நாள் விடியுமுன் மீண்டும் அலை வந்தது. ஏறத்தாழ 3,000 பேர் மாண்டனர்.

ஒரே துன்பத்தை இருமுறை கண்ட அக்கரையின் ஊர்கள் பலவாறு விடை தேடின. அவற்றுள் மூன்றனை ஒப்பிட்டுப் பார்த்தல் பயன் தரும்.

அனெயோஷி என்னும் சிற்றூரில் 1896 இல் பிழைத்தவர் இருவர். 1933 இல் பிழைத்தவர் நால்வர். அவ்வூரார் மலைச்சரிவில் ஒரு கல்லை நாட்டி, இக்கல்லுக்குக் கீழே எவரும் வீடு கட்டலாகாது என்று அதில் பொறித்து வைத்தனர். அக்கல்லே அவர்களுக்குச் சட்டம்.

தாரோ என்னும் ஊர் 1933 இல் ஏறத்தாழ 900 பேரை இழந்தது. மேட்டு நிலத்திற்குக் குடியேற அவ்வூருக்குப் போதிய இடமில்லை. ஆகவே, சுவர் எழுப்பத் துணிந்தது. 1934 இல் தொடங்கிய பணி, இடையில் போரினால் தடைப்பட்டு, 1958 இல் முதற்பகுதி நிறைவுற்றது. உயரம் கடல்மட்டத்திற்கு மேல் 10 மீட்டர். அதனோடு நில்லாமல், மலையை நோக்கி மக்கள் விரைந்தோடுதற்கு ஏற்றவாறு தெருக்களை நேராக வகுத்தனர். திரும்புவோர்க்கு இடர் நேராவண்ணம் தெருச்சந்திகளின் முனைகளையும் வெட்டிச் சீராக்கினர். பிற்காலத்தில் சுவர் நீட்டப்பெற்று 2.4 கிலோமீட்டர் ஆயிற்று. பிற நாட்டாரும் வந்து கண்டு வியந்தனர்.

மூன்றாவது ஊர் ஃபுதாய். 2011 இல் அதன் மக்கள்தொகை ஏறத்தாழ 3,000 மட்டுமே. 1896, 1933 ஆகிய இரண்டு அலைகளிலும் அவ்வூர் இழந்தோர் 439 பேர். 1933 இல் மண்ணிலிருந்து பிணங்களைத் தோண்டி எடுத்த காட்சியைக் கண்டவர்களுள் கோதோகு வாமுரா என்னும் இளைஞரும் ஒருவர். அவர் 1947 இல் அவ்வூரின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பெற்று, தொடர்ந்து 40 ஆண்டுகள் அப்பதவியில் இருந்தார். வறிய ஊர் அது. சாலை வேண்டும், பள்ளி வேண்டும், தொழில் வேண்டும் என்ற குரல்களுக்கிடையே, அலைத்தடுப்பையும் அவர் தம் கடமையாகக் கொண்டார்.

1967 இல் மீன்பிடித் துறைமுகத்தின் பின்னே குடியிருப்பைக் காக்க ஒரு சுவர் எழுந்தது, உயரம் 15.5 மீட்டர். அடுத்து, ஊரின் பெரும்பகுதி அமைந்த பள்ளத்தாக்கைக் காத்தல் வேண்டும். அங்கே ஆறு ஓடிக் கடலில் கலப்பதால் சுவரால் அடைத்துவிட இயலாது. ஆகவே, ஆற்றின் குறுக்கே, வேண்டும்போது இறக்கத்தக்க கதவுகளையுடைய ஒரு பெரும் மதகு அமைக்கத் திட்டமிட்டார். நீளம் 205 மீட்டர். உயரம் மீண்டும் அதே 15.5 மீட்டர்.

இங்கேதான் வழக்கு எழுந்தது. இத்துணை உயரம் எதற்கு? உயரம் குறைந்தால் செலவும் குறையுமே! நிலத்தை விட்டுக்கொடுக்க வேண்டியவர்கள் எதிர்த்தனர். மன்றத்தினர் சிலர் ஐயுற்றனர். இவ்வினாக்கள் அறிவற்றவை அல்ல. பிறர் பணத்தைச் செலவிடும் எவரும் கேட்கவேண்டியவையே. வாமுராவிடம் அவற்றிற்கு விடை இருந்தது. 1896 இல் அலை 15 மீட்டர் எழுந்தது என்று அவ்வூர் முதியோர் வழிவழியாகக் கூறிவந்தனர். அந்த அளவைக் குறைக்க அவர் இசையவில்லை. 1984 இல் மதகு முடிவுற்றது. செலவு 356 கோடி யென். மாகாண அரசும் நடுவணரசும் பொருள் தந்தன. வாமுரா 1987 இல் பதவியினின்றும் விலகி, 1997 இல் மறைந்தார். அதுவரையில் பேரலை வரவில்லை. அவருடைய மதகின் பயனை அவர் காணவேயில்லை.

2011 ஆம் ஆண்டு மார்ச்சு 11 ஆம் நாள் பிற்பகல் 2 மணி 46 நிமிடத்திற்கு நிலம் அதிர்ந்தது. மதகுக் கதவுகள் தொலைவிலிருந்து இயக்கப்பெற்று இறங்கின. ஆனால், பக்கத்துச் சிறு கதவுகள் சிக்கிக்கொண்டன. தீயணைப்புப் பணியாளர் விரைந்தோடிச் சென்று கையால் அவற்றை விடுவித்து மூடினர். அலை வந்தது. மதகின் மேலே 20 மீட்டர் உயரத்தில் நீரின் சுவடு காணப்பட்டது. சிறிது நீர் மேலாகப் பாய்ந்ததாயினும், அதன் வலிமை ஒடுங்கிவிட்டது. உட்புறத்திருந்த பள்ளிகளையும் வீடுகளையும் அது தொடவில்லை. வெளியே துறைமுகமும் படகுகளும் அழிந்தன. தம் படகைக் காணச்சென்ற ஒருவர் திரும்பவில்லை. ஊருக்குள் உயிரிழந்தவர் எவருமிலர். நாடு முழுவதும் இறந்தும் காணாமலும் போனவர் ஏறத்தாழ 18,000 பேர் என்பதை இதனோடு வைத்துப் பார்த்தல் வேண்டும். ஃபுதாய் மக்கள் வாமுராவின் கல்லறைக்குச் சென்று மலர் வைத்து வணங்கினர்.

அனெயோஷியில் நீர் அக்கல்லுக்குக் கீழேயே நின்றது. ஒரு வீடும் அழியவில்லை. தாரோவில் அலை 10 மீட்டர்ச் சுவரைத் தாண்டியது. சுவரின் ஒரு பகுதி உடைந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். சுவர் காக்கும் என்றெண்ணித் தங்கிவிட்டவரும் உண்டு. பழகிய வழியே மலையேறிப் பிழைத்தவரும் உண்டு.

இதனால் தாரோவின் முன்னோரைப் பழித்தல் முறையன்று. அவர்கள் தம் ஆற்றலுக்கு இயன்றதைச் செய்தனர். உயர்ந்த சுவரே எல்லா ஊருக்கும் மருந்து என்று கருதுவதும் பிழை. 1896 இல் அக்கரையின் வேறோர் இடத்தில் அலை 38 மீட்டர்வரை ஏறியதுண்டு. அதன்முன் எம்மதகும் நில்லாது. ஃபுதாயின் பள்ளத்தாக்கு ஒடுங்கியது. ஆகவே 205 மீட்டரில் அடைக்க முடிந்தது. அனெயோஷிக்கு மேட்டு நிலம் இருந்தது. ஆகவே ஒரு கல்லே போதுமாயிற்று. எந்த ஊருக்கு எது பொருந்தும் என்பதை அந்த ஊரின் நிலமும் நினைவுமே சொல்லும். அதனாலேயே இவ்வகைத் திட்டத்தில் உள்ளாட்சிக்குத் தனியிடம் உண்டு. பொருள் தலைநகரிலிருந்து வரலாம். ஆனால், தண்ணீர் எங்கே நின்றது என்பதை அறிந்தவர்கள் ஊரில்தான் இருக்கிறார்கள்.

அந்நினைவு ஒரு தலைமுறைக்குள் மங்கிவிடும் என்பதற்கு 1896 க்கும 1933 க்கும் இடைப்பட்ட 37 ஆண்டுகளே சான்று. மனிதன் மறப்பான், ஆதலின் ஊராட்சி மறவாதிருத்தல் வேண்டும். கல்லில் பொறிப்பதும், பதிவேட்டில் எழுதுவதும், வீட்டு மனைகளுக்கு எல்லை வகுப்பதும், கதவு சிக்கினால் யார் ஓடுவது என்று முன்னரே குறித்து வைப்பதும் அம்மறவாமையின் வடிவங்களே. நம் நாட்டிலும் 2005 ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் உள்ளாட்சிகளுக்கு இத்துறையில் கடமைகளை வகுத்துள்ளது. சட்டம் வழிகாட்டும், அளவைச் சொல்லவேண்டியது ஊர்.

மாணவர்களே, உங்களுக்கு ஒரு சிறு பணி தருகின்றேன். உங்கள் ஊரில் வெள்ளமோ புயலோ கண்ட முதியவர் ஒருவரை அணுகி, நீர் எந்தப் படிவரை ஏறியது, எந்த ஆண்டு, எந்தத் தெரு முதலில் மூழ்கியது என்று கேளுங்கள். கேட்டதைத் தேதியிட்டு எழுதி, ஒரு படியை உங்கள் ஊராட்சி அலுவலகத்தில் கொடுங்கள். இன்று அதனைப் படிப்பவர் இல்லாமற் போகலாம். என்றேனும் ஒருநாள் ஒரு சுவரின் உயரத்தை முடிவு செய்ய மன்றம் கூடும்போது, அந்தத் தாள் அங்கே இருத்தல் வேண்டும்.