வல்லூறு ஏந்திய ஈட்டி

எல்லாக் குழப்பமும் ஒரு காற்புள்ளியில் தொடங்குகிறது. 1596 அக்டோபர் 20 என்று தேதியிட்ட ஒரு தாள் லண்டனில் காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ் என்னும் அலுவலகத்தில் இருக்கிறது. இங்கிலாந்தில் யாருக்கு எந்தக் குலச்சின்னம் என்று முடிவு செய்து பதிவேட்டில் ஏற்றுவது இந்த அலுவலகம்தான். தாளின் இடது மூலையில் அவசரக் கோடுகளில் ஒரு கேடயம். அதையொட்டிப் பழைய பிரெஞ்சில் மூன்று சொற்கள். 'உரிமை இல்லாமல் இல்லை' என்று பொருள்படவேண்டிய வாசகம் அது. எழுதியவர் முதல் சொல்லுக்குப் பின்னால் ஒரு காற்புள்ளி போட்டுவிட்டார். பொருள் தலைகீழானது: 'இல்லை, உரிமை இல்லாமல்!' அடித்துவிட்டு மறுபடி எழுதினார்கள். கடைசியில் காற்புள்ளியே இல்லாமல் பெரிய எழுத்துகளில் வாசகம் நின்றது.

சின்னம் கேட்டவர் ஜான் ஷேக்ஸ்பியர். ஸ்ட்ராட்ஃபோர்டு அபான் ஏவனில் தோல் பதனிட்டுக் கையுறை தைத்து விற்றவர். அவர் மகன் வில்லியம் லண்டனில் நாடக நடிகர், நாடகமும் எழுதுவார்.

கேடயம் எளிமையானது. தங்க நிறப் பரப்பு. அதன் குறுக்கே, பார்ப்பவரின் இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலைக்கு இறங்கும் ஒரு கறுப்புப் பட்டை. பட்டையின் மேல் தங்க ஈட்டி, அதன் முனை மட்டும் வெள்ளி. கேடயத்துக்கு மேலே சிறகு விரித்த வெள்ளை வல்லூறு ஒன்று, காலில் இன்னொரு ஈட்டியைப் பிடித்தபடி நிற்கிறது. ஷேக்ஸ்பியர் என்ற பெயரை இரண்டாகப் பிரித்தால் 'ஈட்டியை அசை' என்று வரும். பெயரையே படமாக்குவது அந்தக் கலையில் பழைய வழக்கம்.

ஜான் சின்னம் கேட்டது அதுதான் முதல் தடவை அல்ல. வரைவுத் தாளின் அடியில் ஓர் அதிகாரி குறிப்பு எழுதியிருக்கிறார். இருபது ஆண்டுகளுக்கு முன்பே, தென் இங்கிலாந்துக்குப் பொறுப்பான க்ளாரன்ஸோ பதவியில் இருந்த ராபர்ட் குக் இவருக்கு ஒரு மாதிரி வரைந்து கொடுத்திருந்தாராம். கணக்குப் பார்த்தால் அது 1576 வாக்கில். ஜானின் வாழ்க்கையில் அது உச்சமும் சரிவும் சந்தித்த இடம். 1552இல் ஹென்லி தெருவில் குப்பைமேடு போட்டதற்காக அபராதம் கட்டியவர், 1568இல் அதே ஊரின் பெய்லிஃப் ஆனார். நம் வழக்கில் நகரத் தலைவர். அந்தப் பதவியே சின்னம் கேட்கும் தகுதியைத் தந்தது. ஆனால் 1577 முதல் கடன் கழுத்தை நெரித்தது. நகரமன்றக் கூட்டங்களுக்குப் போவதையே நிறுத்திவிட்டார். 1586இல் அவர் இடத்துக்கு வேறொருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். குக் வரைந்த மாதிரியும் வெறும் காகிதமாகவே தங்கிவிட்டது.

இருபது ஆண்டு கழித்து அது உயிர்பெற்றதற்குக் காரணம் மகனின் வருமானம் என்றே ஆய்வாளர்களில் பெரும்பாலோர் கருதுகிறார்கள். அப்படியானால் மகனே தன் பெயரில் கேட்டிருக்கலாமே? கேட்பது எளிதல்ல. 1572இல் வந்த சட்டத்தின்படி, ஒரு பிரபுவின் ஆதரவு இல்லாத நடிகன் நாடோடிக் கூட்டத்தோடு சேர்த்து எண்ணப்பட்டான். தந்தையோ ஊர்த்தலைவராக இருந்தவர். தந்தைக்குச் சின்னம் கிடைத்தால் மகன் புதிதாகப் பெற்றவன் ஆகமாட்டான், பரம்பரையாகப் பெற்றவன் ஆவான். 'ஜென்டில்மேன்' என்று பத்திரங்களில் எழுதிக்கொள்ளும் உரிமையும் அதோடு சேர்ந்து வரும். அடுத்த ஆண்டே, 1597இல், ஸ்ட்ராட்ஃபோர்டின் மிகப் பெரிய வீடுகளில் ஒன்றான நியூ பிளேஸை மகன் வாங்கினார்.

நிலம் வாங்குபவர் மூலப்பத்திரம் கேட்பதுபோல அந்த அலுவலகமும் கேட்டது. தாளின் அடியில் உள்ள குறிப்புகளே அதற்குச் சாட்சி. நீதிபதியாகவும் பெய்லிஃப்பாகவும் இருந்தவர். ஐந்நூறு பவுண்டு மதிப்புள்ள நிலமும் வீடும் உடையவர். மரியாதைக்குரிய ஆர்டன் குடும்பத்து வாரிசுப் பெண்ணை மணந்தவர். இவற்றில் சொத்துக் கணக்கைச் சற்று ஊதிப் பெருக்கியதாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். கடனில் மூழ்கி எழுந்தவர் அவர். வம்சப் பெருமையும் அப்படியே. ஜானின் முன்னோர் ஏழாம் ஹென்றி அரசருக்கு வீரத்தோடு சேவை செய்து வெகுமதி பெற்றார்கள் என்கிறது 1596 வரைவு. மூன்றாண்டு கழித்து எழுதிய வரைவில் அந்த முன்னோர் கொள்ளுத்தாத்தா ஆகிறார். வெகுமதி வார்விக்‌ஷையரில் நிலமும் வீடுமாகிறது. அப்படி ஒரு நிலம் வழங்கப்பட்டதற்கு ஆவணம் எதுவும் கிடைக்கவில்லை. தாளுக்குத் தாள் வம்சம் வளர்ந்தது.

இந்தச் சின்னம் ஜானுக்கும் அவர் பிள்ளைகளுக்கும் அவர்தம் சந்ததிக்கும் உரியது என்கிறது வரைவு. இங்கிலாந்தில் குலச்சின்னம் குடும்பப் பெயருக்குச் சொந்தமல்ல. அது ஒரு மனிதருக்கு வழங்கப்பட்டு, அவர் வழிவந்தவர்க்கு இறங்கும் சொத்து. அதே பெயர் கொண்ட பக்கத்து ஊர்க்காரருக்கு அதில் பங்கு கிடையாது. இன்றும் 'உங்கள் குடும்பச் சின்னம்' என்று பெயரை மட்டும் கேட்டுப் படம் அச்சடித்து விற்கும் கடைகள் மறைக்கும் விஷயம் இதுதான். சந்ததி இருந்தால்தான் சின்னம் நடக்கும். ஆனால் வரைவில் தேதி போடுவதற்கு இரண்டு மாதம் முன்பு, ஆகஸ்டு 11 அன்று, வில்லியமின் ஒரே மகன் ஹாம்னெட்டை ஸ்ட்ராட்ஃபோர்டில் புதைத்திருந்தார்கள். பையனுக்கு வயது பதினொன்று.

1599இல் குடும்பம் மறுபடி மனுப் போட்டது. தாய்வழி ஆர்டன் குடும்பத்துச் சின்னத்தையும் கேடயத்தின் மறுபாதியில் சேர்க்க வேண்டும் என்பது கோரிக்கை. எந்த ஆர்டன் என்பதில் அதிகாரிகளே தடுமாறியது தாளில் தெரிகிறது. பார்க் ஹாலில் வாழ்ந்த பெரிய ஆர்டன் குடும்பத்தின் சின்னத்தை முதலில் வரைந்து, பிறகு அடித்துவிட்டு, வேறோர் ஆர்டன் கிளையின் சின்னத்தை வரைந்தார்கள். ஜானின் மனைவி மேரி ஆர்டன் நிலம் வைத்திருந்த ஒரு விவசாயியின் மகள். பார்க் ஹாலோடு அவருக்கு உறவு என்று நிரூபிப்பது கடினம். இவ்வளவு பாடுபட்டும் அந்த இரட்டைச் சின்னத்தைக் குடும்பம் பயன்படுத்தியதாகத் தெரியவில்லை.

சின்னம் வழங்கியவர் சர் வில்லியம் டெத்திக். கார்ட்டர் என்னும் தலைமைப் பதவி அவருடையது, கைகலப்புக்கும் பேர்போனவர். அவரோடு மல்லுக்கு நின்றவர் அதே அலுவலகத்தில் யார்க் ஹெரால்டு என்னும் குலச்சின்ன அதிகாரிப் பதவியிலிருந்த ரால்ஃப் ப்ரூக். தகுதியற்ற 23 பேருக்கு டெத்திக் சின்னத்தை வாரி வழங்கிவிட்டார் என்று 1602இல் ப்ரூக் குற்றப்பட்டியல் தயாரித்தார். அதில் ஷேக்ஸ்பியரும் ஒருவர். அந்தப் பட்டியலின் பிற்காலப் படி ஒன்று அமெரிக்காவில் ஃபோல்ஜர் நூலகத்தில் இருக்கிறது. அதில் கேடயத்தின் கோட்டுப்படத்துக்குக் கீழே ஒரே வரி: நடிகன் ஷேக்ஸ்பியர், கார்ட்டர் வழங்கியது. நடிகன் என்ற சொல்லே ப்ரூக்குக்குப் போதுமான குற்றச்சாட்டு.

இன்னொரு குற்றச்சாட்டும் இருந்தது. தங்கப் பரப்பில் கறுப்புப் பட்டை என்பது மாலி பிரபுவின் பழைய சின்னம், அதைத் திருடிவிட்டார்கள் என்பது. டெத்திக்கும், அப்போது க்ளாரன்ஸோ பதவியிலிருந்த வில்லியம் கேம்டனும் பதில் எழுதினார்கள். பட்டையின் மேல் ஈட்டி இருப்பதே போதுமான வேறுபாடு. சின்னம் பெற்றவர் ஸ்ட்ராட்ஃபோர்டில் நீதிபதியாக இருந்தவர், ஆர்டன் வாரிசை மணந்தவர், வசதியுள்ளவர். சின்னம் நிலைத்தது.

ப்ரூக்கின் கதை அதோடு முடியவில்லை. 1616இல், அப்போதைய கார்ட்டரான வில்லியம் செகாரை மாட்டிவைக்க ஒரு சூழ்ச்சி செய்தார். லண்டனின் தூக்குப்போடும் தொழிலாளிக்கு அராகன் அரசச் சின்னத்தை உறுதி செய்யவைத்தார். விஷயம் வெளிவந்ததும் அரசர் ஜேம்ஸ் இருவரையுமே சிறையில் போட்டார். தகுதி பார்த்து வழங்க வேண்டும் என்று அடுத்தவரைக் கண்டித்தவர்தான் ப்ரூக்.

கேலிக்கும் குறைவில்லை. கேம்டனிடம் படித்த மாணவர் பென் ஜான்சன். 1599இல் அவர் எழுதிய நாடகத்தில் ஒரு பட்டிக்காட்டுப் பணக்காரன் முப்பது பவுண்டு கொடுத்துக் குலச்சின்னம் வாங்குகிறான். அவனுக்குப் பொருத்தமான வாசகமாக, கடுகு இல்லாமல் இருக்கக் கூடாது என்பதுபோல ஒன்றை அருகில் நிற்பவர் எடுத்துக்கொடுக்கிறார். ஈட்டிக் கேடயத்தின் வாசகத்தைத்தான் சீண்டுகிறார் என்று பலரும் கருதுகிறார்கள்.

குடும்பத்துக்குக் கொடுத்திருக்க வேண்டிய முத்திரை வைத்த சாசனம் இன்று இல்லை. அடித்தல் திருத்தலோடு உள்ள வரைவுகள்தான் மிஞ்சின. அவையும் சுற்றிவந்த பாதை விசித்திரமானது. அகஸ்டின் வின்சென்ட் என்ற ஹெரால்டின் பெயரால் அறியப்படும் தொகுப்பில் அவை இருக்கின்றன. வின்சென்ட்டும் ப்ரூக்கின் எதிரிதான். ப்ரூக்கின் தவறுகளைப் பட்டியலிட்டு 1622இல் ஒரு நூல் வெளியிட்டார். அதை அச்சிட்டவர் வில்லியம் ஜகார்டு. அடுத்த ஆண்டு ஷேக்ஸ்பியர் நாடகங்களின் முதல் பெருந்தொகுப்பை அச்சிட்டதும் ஜகார்டின் அச்சகம்தான். அதன் பிரதி ஒன்று வின்சென்ட்டுக்கு அன்பளிப்பாக வந்தது. அதுவும் இன்று ஃபோல்ஜர் நூலகத்தில் இருக்கிறது.

1666 லண்டன் பெருந்தீயில் காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ் கட்டிடம் எரிந்து சாம்பலானது. பதிவேடுகளைப் படகில் ஏற்றி வைட்ஹாலுக்குக் கொண்டுபோய்க் காப்பாற்றினார்கள். வின்சென்ட்டின் தொகுப்பு அப்போது அங்கே இல்லை. அவர் மகன் கையிலிருந்து ரால்ஃப் ஷெல்டன் என்ற செல்வரிடம் போய், அவர் எழுதிவைத்த உயிலின்படி 1684இல்தான் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தது. நாம் அரசாங்கப் பதிவு என்று இன்று நம்பிப் படிப்பது ஒரு காலத்தில் தனி ஒருவர் வீட்டு அலமாரியில் கிடந்த காகிதக் கட்டு. 2016இல் ஃபோல்ஜர் நூலகத்தின் சுவடிக் காப்பாளர் ஹெதர் வுல்ஃப், பதினேழாம் நூற்றாண்டுப் பதிவுகளில் அதே சின்னத்தின் மேலும் சில படங்களைக் கண்டெடுத்தார். அவற்றில் தந்தையைவிட மகனோடுதான் சின்னத்தைச் சேர்த்துப் பேசினார்கள். வம்சத்தின் தலைவராகத் தந்தையை வைத்தது மகனின் கணக்கு. கால ஓட்டம் அதைத் திருத்திவிட்டது.

சந்ததியின் கணக்கோ சுருங்கிக்கொண்டே போனது. தம்பிகள் மூவரும் வில்லியமுக்கு முன்பே போய்விட்டார்கள். மகள் ஜூடித்தின் மூன்று பையன்களும் வாரிசின்றி மறைந்தார்கள். மூத்த மகள் சுசானாவின் கணவர் மருத்துவர் ஜான் ஹால். அவர் கல்லறைக் கல்லில் ஹால் சின்னத்தோடு ஒட்டி ஈட்டிக் கேடயம் இருக்கிறது. அவர்களின் ஒரே மகள் எலிசபெத் 1670இல் குழந்தையில்லாமல் இறந்தார். வில்லியமின் நேர்வாரிசு அதோடு முடிந்தது. காகிதத்தில் கேட்டு வாங்கிய சின்னம் நடந்தது எழுபத்து நான்கே ஆண்டுகள்.

ஸ்ட்ராட்ஃபோர்டு ஹோலி டிரினிட்டி தேவாலயத்தின் சுவரில், கையில் இறகுப் பேனாவோடு இருக்கும் ஷேக்ஸ்பியர் சிலைக்கு மேலே அந்தக் கேடயம் இருக்கிறது. கறுப்புப் பட்டை உண்டு, ஈட்டி உண்டு. ஆர்டன் பாதி இல்லை. காற்புள்ளி போட்டு, அடித்து, திரும்ப எழுதிய அந்த மூன்று சொற்களையும் யாரும் அங்கே செதுக்கவில்லை.