மலிவும் மதிப்பும் – மஸ்டாங் காரின் வரலாறு

வரலாறு என்பது கோட்டைகளிலும் கல்வெட்டுகளிலும் அடங்கிவிடுவதன்று. எளிய மக்கள் தவணை செலுத்தி வாங்கிப் பயன்படுத்திய பொருள்களும் தத்தம் காலத்தின் கதையைச் சுமந்து நிற்கின்றன. அமெரிக்க நாட்டில் 1964ஆம் ஆண்டு வெளிவந்த மஸ்டாங் என்னும் இரு கதவுக் கார் அத்தகைய பொருள்களுள் ஒன்று. தொடக்கத்தில் அதன் அடிப்படை விலை 2,368 டாலர். அதே பெயர் தாங்கிய 1968ஆம் ஆண்டுக் கார் ஒன்று, 2020 சனவரியில் புளோரிடா மாநிலத்தில் நடைபெற்ற ஏலத்தில், கட்டணம் உட்பட 37 இலட்சத்து 40 ஆயிரம் டாலருக்கு விலைபோயிற்று. மலிவாகப் பிறந்த ஒரு பொருளுக்கு இத்துணை மதிப்பு எவ்வாறு வந்தது? இவ்வினாவுக்கு விடை காண அக்காரின் பிறப்பிலிருந்து தொடங்குதல் வேண்டும்.

மஸ்டாங்கின் பிறப்புக்கு முன்னுரையாக அமைந்தது ஒரு தோல்வி. போர்டு நிறுவனம் 1957 செப்டம்பரில் எட்சல் என்னும் புதிய கார் வரிசையைப் பெரும் விளம்பரத்துடன் வெளியிட்டது. நிறுவனரின் மகன் பெயரைத் தாங்கி வந்த அவ்வண்டியை மக்கள் விரும்பி ஏற்கவில்லை. 1959 நவம்பரில் அதன் உற்பத்தி நிறுத்தப்பட்டது. இழப்பு ஏறத்தாழ 25 கோடி டாலர் என மதிப்பிடப்பட்டது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது என்பது பழமொழி. மற்றொரு புதிய காருக்குப் பெருஞ்செலவு செய்ய நிறுவனத் தலைமை தயங்கியதில் வியப்பில்லை.

இந்நிலையில் 1960ஆம் ஆண்டின் இறுதியில் போர்டு பிரிவின் பொறுப்பை ஏற்றவர் லீ அயகோக்கா. இத்தாலியிலிருந்து குடியேறிய குடும்பத்தில் 1924ஆம் ஆண்டு பிறந்த இவருக்கு அப்போது வயது 36. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிறந்த பெருந்திரளான குழந்தைகள் வாகனம் ஓட்டும் வயதை எட்டிக்கொண்டிருந்ததை அவர் கருத்தில் கொண்டார். அவ்விளைஞர்களுக்குத் தந்தையரின் பெரிய கார்கள் தேவையில்லை. அழகும் விரைவும் உடைய, தங்கள் வருவாய்க்கு எட்டிய வண்டியே தேவை என்பது அவர் கணிப்பு. விலை 2,500 டாலரையும் எடை 2,500 இராத்தலையும் தாண்டக்கூடாது என்று வரையறை செய்யப்பட்டது.

அந்த விலைக்குள் முற்றிலும் புதிய காரை உருவாக்குதல் இயலாது. எனவே பொறியாளர்கள் அந்நிறுவனத்தின் பால்கன் என்னும் சிக்கனமான சிறிய காரின் அடித்தளத்தையும் இயந்திரத்தையும் பிற உறுப்புகளையும் எடுத்தாண்டனர். அவற்றின்மேல் நீண்ட முன்பகுதியும் குறுகிய பின்பகுதியும் கொண்ட புதிய உடல் பொருத்தப்பட்டது. பழைய மரத்தைக் கொண்டே புதிய வீட்டைக் கட்டிய தச்சரின் திறன் இது எனலாம்.

1964 ஏப்பிரல் 17ஆம் நாள் நியூயார்க் உலகக் கண்காட்சித் திடலில் மஸ்டாங் அறிமுகமாயிற்று. முதல் நாளிலேயே 22,000 பேருக்கு மேற்பட்டோர் அதனை வாங்கப் பதிவு செய்தனர். ஓராண்டு நிறைவதற்குள் 4,18,812 கார்கள் விற்பனையாயின. 1966 மார்ச்சில் பத்து இலட்சமாவது கார் வெளிவந்தது. அந்நாளில் ஓர் அமெரிக்கக் குடும்பத்தின் இடைநிலை ஆண்டு வருமானம் ஏறத்தாழ 6,600 டாலர். நடுத்தரக் குடும்பத்தின் நான்கைந்து மாத வருவாய்க்கு இணையான விலையில் அழகிய கார் ஒன்று கிடைத்ததே இவ்வெற்றியின் அடிப்படை. அவரவர் விருப்பத்திற்கும் பொருள் வசதிக்கும் ஏற்ப இயந்திரம், நிறம், இருக்கை ஆகியவற்றைத் தேர்ந்தெடுக்கவும் வழி இருந்தது. ஆயினும் அடிப்படை வண்டியில் இருந்தது 101 குதிரைத்திறன் கொண்ட ஆறு சிலிண்டர் இயந்திரமே. தோற்றத்தில் பந்தயக் குதிரையாகவும் உழைப்பில் வண்டிக் குதிரையாகவும் அது விளங்கிற்று.

புகழை எடுத்துரைக்கும் வரலாறு குறையை மறைத்தல் ஆகாது. தொடக்ககால மஸ்டாங்கில் பெட்ரோல் தாங்கியின் மேற்பரப்பே பின்புறச் சாமான் அறையின் தரையாகவும் அமைந்திருந்தது. பின்னாலிருந்து மற்றொரு வண்டி மோதினால் எரிபொருள் சிதறித் தீப்பற்றும் இடர் இவ்வமைப்பில் இருந்தது. நான்கு சக்கரங்களின் பிரேக்குகளும் ஒரே நீர்ம அழுத்த அமைப்பைச் சார்ந்திருந்தன; ஓரிடத்தில் கசிவு ஏற்பட்டாலும் பிரேக் முழுமையாகச் செயலிழக்கக்கூடும். 1967ஆம் ஆண்டு வண்டிகளில்தான் இது இரு பிரிவாக மாற்றப்பட்டது. இக்குறைகள் மஸ்டாங்குக்கு மட்டும் உரியவை அல்ல. அக்கால அமெரிக்கக் கார்கள் பலவற்றிலும் பாதுகாப்பு பின்தள்ளப்பட்டே இருந்தது. 1965ஆம் ஆண்டு ரால்ப் நேடர் தம் நூலின் வாயிலாக இதனை வன்மையாகக் கண்டித்தார். 1966 செப்டம்பரில் அதிபர் லிண்டன் ஜான்சன் கூட்டரசு வாகனப் பாதுகாப்புச் சட்டத்தில் கையொப்பமிட்டார். அழகை விலை கொடுத்து வாங்கிய தலைமுறை, பாதுகாப்பைச் சட்டத்தின் வழியே பெற வேண்டியிருந்தது.

காலம் செல்லச் செல்ல மஸ்டாங் பருத்தது. 1973ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடி உலகை உலுக்கிய வேளையில், 1974ஆம் ஆண்டுக்குரிய காராகச் சிறிய வடிவில் இரண்டாம் மஸ்டாங் வெளிவந்தது. முதல் தலைமுறைக் கார்களோ பழைய வண்டிகளாயின. முன்கண்ணாடியின் அடியில் காற்று புகும் பள்ளத்தில் நீர் தேங்கி, துரு உள்ளே இறங்கித் தரைத்தகட்டையும் அரித்தது. தனிச்சட்டம் இன்றி உடலே தாங்குசட்டமாக அமைந்த வண்டி அது. ஆதலின் தகடு துருப்பிடித்தால் வண்டியின் வலிமையே குன்றிவிடும். எண்ணற்ற கார்கள் பழைய இரும்புக்குப் போயின. எஞ்சியவற்றின் மதிப்பு ஏறத் தொடங்கிற்று.

மதிப்பு ஏறியதும் பொய்மையும் உடன் வந்தது. எளிய இயந்திரத்துடன் பிறந்த வண்டியை உயர்வகை வண்டியெனக் காட்டி விற்போர் தோன்றினர். இங்கேதான் காரின் அடையாள எண் கல்வெட்டுப் போல் துணை நிற்கிறது. 1965ஆம் ஆண்டு வண்டியின் எண் 5 என்னும் இலக்கத்துடன் தொடங்கும். அடுத்து வரும் எஃப் என்னும் எழுத்து டியர்போர்ன் தொழிற்சாலையையும், ஆர் என்பது சான் ஓசே தொழிற்சாலையையும், டி என்பது மெட்டுச்சன் தொழிற்சாலையையும் குறிக்கும். 07 எனில் நிலையான கூரை. 08 எனில் மடக்கும் கூரை. 09 எனில் சாய்ந்த பின்கூரை. பின்னர் வரும் எழுத்து இயந்திரத்தைச் சுட்டும். கே என்னும் எழுத்து இருந்தால் அது 271 குதிரைத்திறன் கொண்ட அரிய இயந்திரத்துடன் பிறந்த வண்டி. கதவிலுள்ள தகட்டைக் கழற்றி மாற்றுதல் எளிது. ஆகவே இயந்திர அறையின் பக்கத் தகட்டில் பொறிக்கப்பட்ட எண்ணுடன் அதனை ஒப்பிட்டுப் பார்த்தல் வாங்குவோரின் கடமையாகும்.

37 இலட்சம் டாலருக்கு மேல் விலைபோன காரின் கதை இவ்வுண்மையை மேலும் விளக்கும். 1968ஆம் ஆண்டு வெளிவந்த ‘புல்லிட்’ என்னும் திரைப்படத்தில் ஸ்டீவ் மக்குவீன் ஓட்டிய பச்சை மஸ்டாங் அது. 1974ஆம் ஆண்டு பத்திரிகை விளம்பரம் ஒன்றைக் கண்டு ஒரு குடும்பத்தார் அதனை 6,000 டாலருக்கு வாங்கி அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படுத்தினர். 1977ஆம் ஆண்டு மக்குவீனே கடிதம் எழுதிக் கேட்டும் அவர்கள் அதனை விற்கவில்லை. பல ஆண்டுகள் மறைந்திருந்த வண்டி 2018 சனவரியில் டெட்ராய்ட் கண்காட்சியில் மீண்டும் தோன்றிற்று. அதற்குப் புதுவண்ணம் பூசி மெருகேற்றவில்லை. பழைய தழும்புகளும், படப்பிடிப்புக் கருவிகளைத் தாங்க அடியில் பற்றவைத்த இரும்புகளும் அப்படியே இருந்தன. அதே படத்தில் பயன்பட்ட மற்றொரு கார் மெக்சிகோ நாட்டில் சிதைந்த நிலையில் கிடைத்தது. அதனை இனங்காட்டியதும் உடலில் பொறித்த எண்ணே. பளபளப்பைவிடச் சான்றுக்கே விலை மிகுதி என்பதை இவ்விரு வண்டிகளும் மெய்ப்பிக்கின்றன.

மஸ்டாங் மலிவாக விற்கப்பட்டதற்குக் காரணம் அதன் பொது உறுப்புகள். இன்று அது உயர்வாக மதிக்கப்படுவதற்குக் காரணம், எஞ்சியவை சில என்பதும், அவற்றின் வரலாறு அறியக்கூடியதாக உள்ளது என்பதுமே. பொய்யான எண்ணைத் தாங்கிய வண்டி எவ்வளவு அழகாக இருப்பினும் இரும்பும் வண்ணமுமே ஆகும். துருவும் தழும்பும் உடைய மெய்யான வண்டியோ ஒரு காலத்தின் ஆவணம். பழமையைப் போற்றுவோர் அதன் அழகோடு குறையையும் அறிந்து, பெயரோடு சான்றையும் கேட்டுப் பெறுவார்களாயின், பழம்பொருள் சந்தையில் வரலாறும் விலைபோகாமல் நிலைத்து நிற்கும்.