போர்காட் மலைப்பாதையின் முதல் மின்சார எஞ்சின்கள்

சென்னையிலிருந்து புனே வழியாக மும்பை செல்லும் ரயில்கள் லோனாவாலாவைக் கடந்ததும் மேற்குத் தொடர்ச்சி மலையில் இறங்கத் தொடங்கும். அடிவாரத்தில் உள்ள நிலையம் கர்ஜத். ஏறத்தாழ 28 கிலோமீட்டர் நீளமுள்ள இந்த மலைப்பாதைதான் போர்காட். (போருக்கும் இதற்கும் தொடர்பில்லை, 'காட்' என்றால் மலைச்சரிவு.) கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வே 1863இல் இதைத் திறந்தது. பாறையைக் குடைந்து 25 சுரங்கங்கள் அமைத்தார்கள். உயிரிழந்த தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கானவர்கள்.

37 அடி முன்னே சென்றால் ஓர் அடி ஏற்றம். சாலையில் இது பெரிதல்ல. இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரத்துக்கு இது செங்குத்து. நீராவி எஞ்சின் முழு மூச்சில் ஏறும் இடத்தில்தான் அதிகமாகப் புகை கக்கும். அங்கேதான் சுரங்கமும் வரும். உள்ளே சிக்கும் புகையில் ஓட்டுநரும் கரி அள்ளிப் போடுபவரும் திணற வேண்டியதுதான். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1895இலேயே சுரங்கப் புகைக்கு அஞ்சி மின்சார எஞ்சின்களைக் கொண்டுவந்தார்கள்.

இந்தியாவின் முதல் மின்சார ரயில் 1925 பிப்ரவரி 3 அன்று பம்பாய் விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லா வரை ஓடியது. மலைக்கு மின்சாரம் ஏறியது 1929இல். மின்னழுத்தம் 1,500 வோல்ட் நேர்மின்னோட்டம். கல்யாண் அருகே தாகுர்லியில் ரயில்வே தனக்கென்றே ஒரு மின் நிலையத்தையும் கட்டிக்கொண்டது. வழியில் ரயிலை நிறுத்தி, எஞ்சினை மறுமுனையில் மாட்டித் திசை திருப்பும் நிலையம் ஒன்று இருந்தது. புதிய தடம் அமைத்து அதையும் அதே ஆண்டில் கைவிட்டார்கள்.

சரக்கு ரயில்களுக்காக வந்தவை 'இ.எஃப்.1' எஞ்சின்கள். மொத்தம் 41. முதல் 10 சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்யப்பட்டவை. மற்றவை இங்கிலாந்தின் வல்கன் பவுண்டரியில். மலைநாடான சுவிட்சர்லாந்துக்கு இதில் அனுபவம் அதிகம். நீராவி எஞ்சினில் இருப்பதுபோலவே சக்கரங்களை நீண்ட இரும்புத் தண்டுகள் இணைத்திருக்கும். இந்த எஞ்சின்களுக்கு ஊழியர்கள் மராத்தியில் 'கேக்டா', அதாவது நண்டு, என்று பெயர் வைத்தார்கள். பொருத்தமான பெயர்!

ஏறுவதைவிட இறங்குவதே ஆபத்து. பாரம் பின்னாலிருந்து தள்ள, பிரேக் கட்டைகள் சூடேறிப் பிடிமானம் இழக்கும். நண்டு எஞ்சினில் இதற்கு வழி இருந்தது. இறக்கத்தில் மோட்டாரைச் சக்கரம் சுழற்ற, மோட்டாரே ஜெனரேட்டராகி மின்சாரத்தைக் கம்பிக்குத் திருப்பி அனுப்பும். அந்த வேலையில் வேகமும் குறையும். இறங்கும் ரயில் தரும் மின்சாரம் ஏறும் ரயிலுக்கு உதவும்.

நம் கடற்கரை – தாம்பரம் மீட்டர் கேஜ் பாதைக்கு 1931இல் வந்ததும் அதே 1,500 வோல்ட்தான். ஆனால் இங்கே பரங்கிமலையும் பல்லாவரம் குன்றும் பாதைக்குப் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பவை. தேவைப்பட்டது அடிக்கடி நின்று கிளம்பும் புறநகர் வண்டி.

முதுமையில் நண்டுகள் மும்பை யார்டுகளில் பெட்டிகளை இழுத்துக்கொண்டிருந்தன. 'சர் லெஸ்லி வில்சன்' என்ற பெயருடைய எஞ்சின் டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. மும்பையிலிருந்து திரும்பும்போது கர்ஜத்தில் இறங்கிக் கடைசிப் பெட்டியைப் பாருங்கள்: மலையேறத் துணையாகப் பின்னாலிருந்து தள்ள இன்றும் எஞ்சின்களை மாட்டுகிறார்கள்.