கண்டி இடம் பெயர்ந்ததா?

பழைய நிருபர் குறிப்பேடுகளைப் புரட்டுகையில், கண்டிக்கு அருகேயுள்ள தேயிலைத் தோட்டமொன்றைப் பற்றிய பக்கம் கண்ணில் பட்டது. 2000களின் தொடக்கம் அது. மண்சரிவு அபாயப் பகுதியைக் குறிக்கும் இரு தாள்கள் என்னிடம் இருந்தன. இரண்டிலும் நான்கு மூலைகள்; எண்களோ முற்றிலும் வேறு. புதிய தாள் வேறெங்கோ உள்ள நிலத்தைக் காட்டுகிறது, லயன்களில் வாழ்வோர் அஞ்சத் தேவையில்லை என்று செய்தி எழுதிவிட்டேன்.

அனுப்புமுன், ஓய்வுபெற்ற நில அளவையாளர் ஒருவரிடம் காட்டினேன். "தம்பி, புதிய எண்கள் எல்லாவற்றிலும் மூன்று இலட்சத்தைக் கழித்துப் பாருங்கோ" என்றார். கழித்தேன். இரு வடிவங்களும் ஏறக்குறைய ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருந்தின. லயன் அறைகள் அபாயக் கோட்டுக்குள்ளேயே இருந்தன!

இதன் பின்னால் ஒரு வரலாறு உண்டு. இலங்கை நில அளவைத் திணைக்களம் 1800இல் தொடங்கப்பட்டது. 1815இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமானபின் மலைநாடும் அதன் அளவைக்குள் வந்தது. பின்னாளில் நாட்டின் வரைபடக் கட்டங்களுக்கு ஆதாரமாக அமைந்தது, 2,524 மீட்டர் உயரமான பீதுருதாலகால மலை.

அம்மலையிலிருந்து தலதா மாளிகை ஏறத்தாழ 14 கிலோமீட்டர் மேற்கிலும் 32 கிலோமீட்டர் வடக்கிலும் உள்ளது. மலையைப் பூச்சியமாகக் கொண்டால் அதன் ஆள்கூறு (-14, 32). தமிழகத்தார் இதனை ஆயத்தொலைவு என்பர். இம்முறையில் கொழும்புக்கும் காலிக்கும்கூட மறை எண்கள் வரும். கணக்கில் பிழை நேர எளிது. ஆகவே பூச்சியத்தைத் தென்மேற்கே கடலுக்குள் தள்ளினர். மைல் வழக்கிலிருந்த நாளில் மலைக்கு (100, 100) என மதிப்பளித்தனர். மெட்ரிக் முறையில் அது 200 கிலோமீட்டர் ஆயிற்று. 1999ஆம் ஆண்டின் புதிய கட்டமைப்பில் 500 ஆயிற்று. தலதா மாளிகையின் (186, 232), (486, 532) ஆக மாறியது இவ்வாறுதான்.

கணிதத்தில் இதற்குப் பெயர்ச்சி என்று பெயர். எல்லாப் புள்ளிகளுக்கும் ஒரே அளவைக் கூட்டினால் நீளமும் கோணமும் பரப்பும் மாறுவதில்லை. 1999இல் புதிய அளவீட்டால் சிறு திருத்தங்களும் சேர்ந்தன. எனினும் கண்டி வாவியின் வடிவம் வாவியின் வடிவமே. ஆனால் புதிய எண்ணைப் பழைய கட்டத்தில் வைத்துப் பார்த்தால் கண்டி வங்காள விரிகுடாவில் மூழ்கிவிடும்.

அன்றைய செய்தியைக் கிழித்துவிட்டு மீண்டும் எழுதினேன். அதன்பின் எந்த எண்ணைக் கண்டாலும் நான் கேட்கும் முதற்கேள்வி, எங்கிருந்து எண்ணினார்கள் என்பதே.