பெயரறியாப் பூங்கன்றுகள்

மாரி மழை விழுந்ததும் வீட்டு வளவுகளில் பெயர் தெரியாத பூங்கன்றுகள் பல முளைக்கின்றன. சென்ற பருவத்தில் உதிர்ந்த விதைகளின் பயன் அவை. பூக்கும்வரை காத்திராமல் இலை, தண்டைக் கொண்டே அவற்றை இனங்காணலாம். சீனியாவின் இலைகள் காம்பின்றி எதிரெதிராக அமைந்து, தடவினால் சொரசொரக்கும். காசித்தும்பையின் தண்டு நீர் நிறைந்து சதைப்பற்றாயிருக்கும். மாலைக்கு உதவும் செம்மஞ்சள் செவ்வந்தியின் பிளவுபட்ட இலையைக் கசக்கினால் கடும் மணம் எழும்.

எச்சரிக்கை தேவைப்படுவது இங்கேதான். செவ்வந்தியென நம்பி நீரூற்றப்படும் கன்று பார்த்தீனியமாகவும் இருக்கக்கூடும். வெப்பமண்டல அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இக்களை தோல் அழற்சியையும் மூச்சிழுப்பையும் உண்டாக்கவல்லது. இதன் இளங்கன்று நிலத்தோடு ஒட்டி வட்டமாக இலை விரிக்கும். செவ்வந்தியோ தொடக்கமுதலே நிமிர்ந்து வளரும். பார்த்தீனியம் பூத்துவிட்டால் ஒரு செடியே ஆயிரக்கணக்கில் விதை சொரியும். ஆகவே வெண்ணிறச் சிறுபூக்கள் தோன்றுமுன் கையுறை அணிந்து வேரோடு பிடுங்குவதே முறை.

எஞ்சிய நற்கன்றுகளை ஒரு சாண் இடைவெளிக்கு ஐதாக்கி, செவ்வந்தி, சீனியா ஆகியவற்றின் நுனியைக் கிள்ளிவிட்டால் கிளைகள் பெருகும். இலை நனையாமல் அடியிலேயே நீர் விடுதல் வேண்டும். நனைந்த இலையில் புள்ளி நோய் எளிதில் பற்றும். வாடிய பூக்களை அகற்ற அகற்றப் புதியன மலரும். சிலவற்றை மட்டும் முற்றவிட்டு, உலர்ந்த விதையைக் கடதாசி உறையிலிட்டு, பூவின் பெயரையும் திகதியையும் மறவாது எழுதி வைத்தல் நன்று.