தரங்கம்பாடி: கோயிலும் கோட்டையும் அச்சும்

காரைக்காலுக்கு வடக்கே கடலோரத்தில் அமைந்த தரங்கம்பாடியின் பெயருக்கு 'அலைகள் பாடும் ஊர்' என்று பொருள் கூறுவது வழக்கம். இனிய விளக்கமே, ஆயினும் மாசிலாமணிநாதர் கோயில் கல்வெட்டு இவ்வூரைச் 'சடங்கன்பாடி' என்றே குறிக்கிறது. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த அக்கோயிலின் பெரும்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது.

1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரின் இசைவு பெற்று டென்மார்க்கு நாட்டினர் இங்குக் கோட்டை எழுப்பினர். மிளகு வணிகமே நோக்கம். அக்கோட்டையில் இன்று அருங்காட்சியகம் உள்ளது.

தமிழறிந்தோர் இவ்வூரை நாட வேண்டிய காரணம் வேறு. 1706இல் வந்திறங்கிய சீகன்பால்கு, திண்ணைப் பள்ளிச் சிறுவரோடு அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார். ஓலைச்சுவடிகளைத் தேடித் தொகுத்து, 1708இல் அவற்றுக்கு அட்டவணையும் வரைந்தார். ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்துகள் பெரியனவாக இருந்தமையால் தாள் மிகுதியாகச் செலவாயிற்று. எனவே சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தனர். புதிய ஏற்பாடு 1715இல் முழுமையாக அச்சேறியது. 1718இல் தாம் எழுப்பிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே மறு ஆண்டு அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

1845இல் ஊர் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டது. நாகப்பட்டினத்திற்கு இருப்புப்பாதை வந்தபின் வணிகமும் அங்கே பெயர்ந்தது. அவ்வறுமையே பழைய வீதியமைப்பைக் காத்தது எனலாம். 1792இல் அமைந்த நகர வாயிலில் நுழைவோர், அரசர் வீதி வழியே அனைத்தையும் நடந்தே காணலாம்.

2004 ஆழிப்பேரலை இங்குள்ள மீனவர் குடியிருப்பில் பல உயிர்களைப் பறித்தது. கரையில் கருங்கற்களைக் கொட்டி அரிப்பைத் தடுக்க முயன்றுள்ளனர். அலையோ நாள்தோறும் அக்கற்களின்மீது மோதுகிறது.