காபி ஹவுஸைக் காத்தவர்கள்

1958 ஆம் ஆண்டில் கல்கத்தா காலேஜ் தெருவிலிருந்த காபி ஹவுஸை மூடிவிடுவதென்று அதன் நிர்வாகம் முடிவெடுத்தது. எதிரிலிருந்த பிரசிடென்சிக் கல்லூரியின் பேராசிரியர்களும் கல்கத்தாப் பல்கலைக்கழகப் பேராசிரியர்களும் உடனே அரசுக்கு மனு அனுப்பினர். அவ்வாண்டிலேயே அதன் கதவுகள் மீண்டும் திறந்தன. வங்காளத்து அறிவுலகம் இந்நிகழ்வை இன்றளவும் பெருமிதத்தோடு சொல்லிக்கொள்கிறது. சொல்லிக்கொள்வதில் பிழையில்லை. ஆனால் அந்தக் கதையில் காபியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தவர்களுக்கு இடமே இல்லை. அவர்களையும் சேர்த்துப் பார்த்தால் கதையின் உருவம் பெரிதும் மாறிவிடும்.

காபி ஹவுஸ் என்பது மக்கள் தாமாக உண்டாக்கிக்கொண்ட இடமன்று. ஒரு விற்பனை உத்தியாகப் பிறந்தது. 1930களின் உலகப் பொருளாதார மந்தத்தில் இந்தியக் காபிக்கு வெளிநாட்டுச் சந்தை சரிந்தது. விளைந்த கொட்டையை உள்நாட்டிலேயே விற்றாக வேண்டிய நிலை. 1935 இல் இயற்றப்பட்ட காபித் தீர்வைச் சட்டத்தின்வழி அமைந்த குழு, காபிச் சுவையை மக்களுக்குப் பழக்குவதற்காகவே 1936 இல் பம்பாயில் முதல் ‘இந்தியா காபி ஹவுஸை’த் திறந்தது. அடுத்த பத்தாண்டுகளில் இக்கடைகள் நாடெங்கும் ஏறத்தாழ ஐம்பதாகப் பெருகின. குழுவின் பணியைப் பின்னர் காபி வாரியம் ஏற்றது. கல்கத்தாவில் 1942 இல் கடை வைக்கத் தேர்ந்த இடம், 1876 இல் எழுந்த ஆல்பர்ட் ஹால். உயர்ந்த கூரை, மேலே சுற்றிவரும் மாடம், வெளியே தெருநீளத்துக்கும் பழைய புத்தகக் கடைகள், எதிரே கல்லூரி. தேநீர் நாடாகிய வங்காளத்தில் காபி விற்க இதைவிடப் பொருத்தமான இடம் வாய்த்திருக்காது.

வாரியம் எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக ஒன்று அங்கு நிகழ்ந்தது. மாணவரும் கவிஞரும் கட்சித் தொண்டரும் ஒரு கோப்பையை முன்னால் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் பேசினர். வங்காளிகள் இதை ‘அட்டா’ என்பர். வெட்டிப்பேச்சுக்கும் விவாதத்துக்கும் இடைப்பட்ட இந்த வழக்கத்திற்கு நிகரான ஒரே சொல் தமிழில் இல்லை. பால் கலவாத கருங்காபிக்கு அங்கே ‘இன்ஃபியூஷன்’ என்று பெயர்; விலை குறைந்ததும் அதுவே. அதை நம்பியே பல சிற்றிதழ்களின் ஆசிரியர் குழுக்கள் கூடின.

1950களின் நடுவில் வாரியம் கணக்குப் பார்த்தது. கடைகளை நடத்துவது இனித் தன் வேலையன்று என்று கொள்கையை மாற்றிக்கொண்டு ஒவ்வொன்றாக மூடத் தொடங்கியது. பரிமாறுவோரும் சமையற்காரரும் துப்புரவுப் பணியாளரும் வேலையிழந்தனர். கல்கத்தாப் பேராசிரியர்களின் மனுவுக்கு முந்தைய கட்டம் இது. அதிகம் பேசப்படாததும் இதுவே.

வேலை நீக்கத்துக்கு எதிராகத் தொழிலாளர் சங்கம் போராடியது. ஆனால் கடையை நடத்த விரும்பாத முதலாளியிடம் வேலை கேட்டுப் போராடுவதில் ஓரளவுக்கு மேல் பயனில்லை. அங்கேதான் பொதுவுடைமைத் தலைவர் ஏ. கே. கோபாலனின் யோசனை முதன்மை பெறுகிறது. (1950 இல் தடுப்புக்காவலை எதிர்த்துச் சென்னை மாநில அரசுமீது வழக்குத் தொடுத்தவராகச் சட்டம் படித்தோர் அறிந்த அதே கோபாலன்.) கடைகளைத் தொழிலாளர்களே கூட்டுறவுச் சங்கம் அமைத்து ஏற்று நடத்தலாம் என்றார் அவர். 1957 ஆகஸ்டில் பெங்களூரில் முதல் சங்கம் தோன்றியது. அக்டோபரில் தில்லிச் சங்கம் தன் காபி ஹவுஸைத் திறந்தது. அடுத்த ஆண்டு திருச்சூரில் கேரளத்தின் முதல் கடை. ‘இந்தியா’ என்ற பெயர் பல ஊர்களில் ‘இந்தியன்’ ஆயிற்று. ஒரே எழுத்து வேறுபாடு. ஆனால் உரிமை கைமாறியதை அது குறித்தது.

இம்மாற்றத்தைப் பற்றி உள்ளிருந்து எழுதியவர் நடக்கல் பரமேஸ்வரன் பிள்ளை. வேலையிழந்த தொழிலாளியாகவும் சங்கத் தலைவராகவும் இருந்து கேரளக் கடைகளைக் கட்டியெழுப்பியவர் அவர். ‘காபி ஹவுஸின் கதை’ என்ற பொருள்படும் மலையாள நூல் அவருடையது. காபி ஹவுஸ் பற்றிய நினைவெழுத்துகள் பெரும்பாலும் மேசையில் அமர்ந்திருந்தவர்களுடையவை. மேசைக்கு மறுபுறத்திலிருந்து வந்தது என்பதனாலேயே இந்நூல் அரியது. 1983 இல் வெளிவந்து வங்காளத்தில் எவரும் அறியும் பாடலாகிவிட்ட மன்னா டேயின் காபி ஹவுஸ் பாட்டையே எடுத்துக்கொள்ளலாம். சிதறிப்போன ஏழு நண்பர்களை அது நினைக்கிறது. அவர்களுக்குப் பரிமாறியவர் அதில் இல்லை.

காபி ஹவுஸில் எல்லாரும் விரும்புவது எதுவோ அதுவே அதன் வரவுசெலவைக் குலைப்பது என்பது இங்கே கவனிக்கத்தக்கது. ஒரு கோப்பைக்கு மூன்று மணிநேரம் இடம் தருவது எந்த வணிகத்துக்கும் கட்டுப்படியாகாது. விலையை ஏற்றினால் வாடிக்கையாளர் முறையிடுவர். ஏற்றாவிட்டால் குறைவது பரிமாறுபவரின் வருமானம். விசிறி மடிப்புத் தலைப்பாகையும் வெள்ளுடையும் வாடிக்கையாளருக்கு இனிய நினைவு. அணிந்திருப்பவருக்கோ அது மாதச் சம்பளம். 2006 வாக்கில் கல்கத்தாச் சங்கம் பணமுடையால் கட்டடத்தைப் புதுப்பிக்க இயலாமல் நின்றது. உதவ முன்வந்த பெருநிறுவனங்களைச் சங்கம் ஏற்கவில்லை. இடத்தின் தன்மை கெட்டுவிடும் என்ற அச்சம். அம்முடிவின் விலையில் பெரும்பங்கை ஏற்றவர்கள் தொழிலாளர்களே என்பதை மறப்பது நியாயமன்று.

கூட்டுறவால் தீராத இன்னொரு சிக்கலும் உண்டு. கோப்பையும் மேசையும் சங்கத்தின் உடைமையாகலாம். அடியிலிருக்கும் நிலம் பெரும்பாலும் வேறொருவருடையது. தில்லி கன்னாட் பிளேஸ் காபி ஹவுஸ் ராம் மனோகர் லோகியா போன்ற எதிர்க்கட்சியினர் கூடிப் பேசிய இடம். நெருக்கடிநிலைக் காலத்தில் அது இடித்துத் தள்ளப்பட்டது. அவ்விடத்தில் இன்று பாலிகா பஜார் என்னும் நிலத்தடிச் சந்தை இருக்கிறது. மனு எழுதக்கூடியவர்கள் பலர் அப்போது சிறையிலிருந்தனர். காபி ஹவுஸ் பின்னர் மோகன் சிங் பிளேஸ் கட்டடத்தின் மாடிக்குச் சென்றது. அங்கும் வாடகைப் பாக்கி சேர்ந்து 2009 வாக்கில் மூடப்படும் நிலை வந்தது, பழைய வாடிக்கையாளர்கள் குரலெழுப்பினர், கடை தப்பியது.

அதே 2009 இல் பெங்களூர் மகாத்மா காந்தி சாலைக் கடை தப்பவில்லை. மெட்ரோ ரயில் பணியால் அச்சாலையின் முகமே மாறிக்கொண்டிருந்த காலம் அது. அரை நூற்றாண்டாக வாடகைக்கு இருந்த இடம். கட்டட உரிமையாளரோடு நீண்ட வழக்கு. ஏப்ரலில் இடத்தைக் காலி செய்ய நேர்ந்தது. கல்கத்தாவில் மனுவைப் பெற்றுக்கொள்ள ஓர் அரசு இருந்தது. தனியார் உரிமையாளரிடம் எத்தனை பேராசிரியர்கள் கையெழுத்திட்டுக் கொடுத்தாலும் அது வேண்டுகோள் மட்டுமே.

ஆனால் சங்கம் கலையவில்லை. மகாத்மா காந்தி சாலைக்குப் பின்புறமுள்ள சர்ச் தெருவில் இடம் பார்த்து அவ்வாண்டிலேயே கடையைத் திறந்தது. பழைய கூடத்தின் ஒளி இங்கில்லை என்று பழைய வாடிக்கையாளர் குறைப்பட்டுக்கொண்டனர். காபி கொண்டுவந்து வைத்தவர்கள் அதே தலைப்பாகையில் இருந்தனர்.